வேளாங்கண்ணியில ஒரு வாட்டர் கூலிங்: எந்த பம்ப் வாங்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன வாரம் வேளாங்கண்ணியில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். சின்னதா ஒரு போட்டோ-வீடியோ ஸ்டுடியோ வெச்சிருக்கார். கல்யாணம், புதுநன்மை, திருவிழா எல்லாம் ஷூட் பண்ணி எடிட் பண்ணிக் கொடுக்குறார். எடிட்டிங் மெஷின்ல 16 கோர் பிராசஸர், பெரிய கிராபிக்ஸ் கார்டு. ரெண்டும் முழு லோடுல ஓடினா சுமார் 500 வாட் சூடு. ஃபேன் சத்தம் பக்கத்து ரூம்ல வாய்ஸ் ரெக்கார்டிங் பண்ற அளவுக்குக்கூட விடமாட்டேங்குதாம். அதனால யாரோ வித்த செகண்ட் ஹேண்ட் வாட்டர் கூலிங் செட் ஒண்ணு வாங்கியிருக்கார். சிபியு பிளாக், ஜிபியு பிளாக், ரெண்டு 360 ரேடியேட்டர், டியூப், ஃபிட்டிங் எல்லாம் இருக்கு. பம்ப் மட்டும் இல்ல.

அவரோட மாமா அங்கேயே மோட்டாருக்குக் காயில் கட்டுறவர். அவர் சொல்லியிருக்கார்: "ஹெட் எது அதிகமோ அதை வாங்கு. மத்ததெல்லாம் அப்புறம்." தம்பி என்னைக் கேட்டது இதுதான்: "அண்ணா, மாமா சொல்றது கம்ப்யூட்டருக்கும் பொருந்துமா? ஆகஸ்ட் 29 கொடியேத்தம். அதுல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் எனக்கு வருஷத்து வேலையில பாதி. அதுக்குள்ள மெஷின் ரெடியா இருக்கணும், நடுவுல நிக்கக்கூடாது."

கேள்வி நல்ல கேள்வி. மாமா சொன்னதுல முக்கால்வாசி சரி. எந்த இடத்துல பொருந்தாதோ அந்தக் கால்வாசியிலதான் பணம் வீணாகுது. அதனால முதல்ல மாமா பக்கம் நின்னு பேசலாம்.

ஹெட்டுன்னா என்ன

டெல்டாவுல பம்ப் வாங்குறவங்க யாரும் "எவ்வளவு தண்ணி தள்ளும்"னு மட்டும் கேக்க மாட்டாங்க. "எத்தனை மீட்டர்ல எவ்வளவு தள்ளும்"னு கேப்பாங்க. கோயம்புத்தூர் மோட்டாரோட பெயர்த் தகட்டைப் பாருங்க. ஹெட் இத்தனை மீட்டர்ல இருந்து இத்தனை மீட்டர் வரைக்கும், டிஸ்சார்ஜ் இத்தனையில இருந்து இத்தனை வரைக்கும்னு ரெண்டும் ஜோடியா இருக்கும். ஹெட் ஏற ஏற தண்ணி குறையும். இதை கிராஃபா போட்டா மேல இடது பக்கம் ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்கற ஒரு கோடு. பம்ப் கர்வ்னு சொல்றது இதைத்தான்.

கம்ப்யூட்டர் பம்ப் விக்கிறவங்க என்ன பண்றாங்கன்னா, அந்தக் கோட்டோட ரெண்டு முனையை மட்டும் பெட்டியில போடுறாங்க. பிரபலமான டி5 பம்பை எடுத்துக்கோங்க. அதிகபட்ச ஹெட் கிட்டத்தட்ட 3.9 மீட்டர், அதிகபட்ச ஓட்டம் மணிக்கு 1500 லிட்டர். ரெண்டும் உண்மைதான், ஆனா ஒரே நேரத்துல உண்மை இல்ல. 3.9 மீட்டர் ஹெட் வர்றப்போ தண்ணி ஒரு சொட்டுகூட நகராது. 1500 லிட்டர் ஓடறப்போ எதிர்ல எந்தத் தடையும் இருக்கக்கூடாது, அதாவது டியூபைப் பிடுங்கி வாளியில விட்டா வர்ற கணக்கு. உங்க மெஷின் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ உக்காந்திருக்கும். அந்த இடம் எதுன்னு தெரியாம பம்ப் வாங்குறது, ஆழம் தெரியாம போருக்கு மோட்டார் வாங்குற மாதிரி.

மாமாவோட கணக்கு மாறுற இடம்

வாய்க்கால்ல இருந்து வயலுக்கு இறைக்கிறப்போ தண்ணி மேல ஏறுது, அங்கேயே கொட்டுது. திரும்பி வர்றதில்ல. ஏத்துன ஒவ்வொரு மீட்டருக்கும் மோட்டார் விலை கொடுக்கணும். கம்ப்யூட்டர் லூப்ல அப்படியில்ல. தண்ணி பம்ப்ல கிளம்பி, மேல ரேடியேட்டர் வரைக்கும் ஏறி, மறுபடி கீழ பம்புக்கே வருது. ஏறுற பக்கம் இழுக்கிற எடையை, இறங்குற பக்கம் இருக்கிற எடை சமன் பண்ணிடுது. ராட்டினத்துல ரெண்டு பக்கமும் ஒரே எடையுள்ள வாளி தொங்குற மாதிரி. அதனால மெஷின் அரை மீட்டர் உயரமா, ரெண்டு மீட்டர் உயரமாங்கிறது ஓட்டத்துக்குக் கணக்கே இல்ல. முதல் தடவை தண்ணி நிரப்புறப்போ மட்டும்தான் பம்ப் நிஜமாவே மேல தூக்கணும். அந்த அரை மீட்டரை எந்த பம்பும் தூக்கும்.

அப்போ ஹெட் எதுக்கு வேணும்? உராய்வுக்கு. சிபியு பிளாக்குக்கு உள்ள தலைமுடி கனத்துல வாய்க்கால் வெட்டியிருப்பாங்க. அதுவழியா தண்ணி பிதுங்கிப் போகணும். ஜிபியு பிளாக், ரேடியேட்டர், ஒவ்வொரு 90 டிகிரி எல்போ, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிடிக்கும். எல்போவை எண்ணுற விஷயத்துல மட்டும் மாமா சொல்றதை அப்படியே கேளுங்க. வளைவு குறைச்சா தண்ணி நல்லா போகும். வயலுக்கும் இதே விதிதான், வீட்டு மாடித் தொட்டிக்கும் இதே விதிதான்.

தம்பி இன்னொண்ணும் கேட்டிருந்தார். ஜிபியு பம்ப்ல இருந்து கடைசியா இருக்கு, அதுக்குத் தண்ணி கம்மியா வருமான்னு. நாகப்பட்டினம் பக்கத்து ஆளு இப்படிக் கேக்குறது ரொம்ப இயல்பு. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தாங்கன்னு பேப்பர்ல போடுவாங்க, கடைமடைக்கு வந்து சேர்றது வேற கதை. வழியில ஒவ்வொரு கிளை வாய்க்காலும் எடுத்துக்கிட்டே வரும். ஆனா லூப்ல கிளை கிடையாது. ஒரே டியூப், வரிசையா எல்லாம். பம்ப் வாயில நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடினா, சிபியுலயும் 4, ஜிபியுலயும் 4, ரேடியேட்டர்லயும் 4. நடுவுல தண்ணி எங்கேயும் போக வழியில்ல. வரிசையா மாட்டின லூப்ல கடைமடைங்கிற இடமே இல்ல.

பேரலலா பிரிச்சு மாட்டினா மட்டும் கதை மாறும். அப்போ தடை கம்மியா இருக்கற கிளை அதிகமா எடுத்துக்கும், இன்னொண்ணு காயும். தம்பி, வரிசையாவே மாட்டுங்க.

எவ்வளவு ஓட்டம் போதும்

இனி கொஞ்சம் கணக்கு. ஓடிட்டே கேக்குறவங்க நின்னு கேளுங்க, பெருசா ஒண்ணும் இல்ல.

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,186 ஜூல் வேணும். நிமிஷத்துக்கு 4 லிட்டர் ஓடுதுன்னா நொடிக்கு 67 மில்லி. அந்தத் தண்ணி ஒரு டிகிரி சூடாகும்போது 280 வாட் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். தம்பி மெஷின் 500 வாட். அப்போ தண்ணி ஒரு சுத்து முடிக்கிறப்போ சுமார் 1.8 டிகிரி ஏறும். அவ்வளவுதான். ஓட்டத்தை ரெண்டு மடங்காக்கி 8 லிட்டர் பண்ணா? 0.9 டிகிரி. ஒரு டிகிரிக்குக் கம்மியான லாபம். பிளாக்குக்கு உள்ள தண்ணி வேகமா உரசறதுல இன்னும் ஒண்ணு ரெண்டு டிகிரி கிடைக்கலாம். அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

அந்த 8 லிட்டருக்கு என்ன விலைன்னு பாருங்க. லூப்போட தடை, ஓட்டத்தோட வர்க்கமா ஏறும். 4 லிட்டர்ல 1.5 மீட்டர் ஹெட் சாப்பிடுற லூப்னு வெச்சுக்குவோம். ரெண்டு பிளாக், ரெண்டு ரேடியேட்டர் இருக்கற செட்டுக்கு இது நியாயமான அனுமானம். 8 லிட்டர் வேணும்னா நாலு மடங்கு, அதாவது 6 மீட்டர் வேணும். கடையில கிடைக்கிற டி5 ஒண்ணால அது முடியாது. டி5-ஐ விட ஹெட் அதிகமான டிடிசி 3.2-ன்னு ஒரு பம்ப் இருக்கு, அதோட அதிகபட்சமே 5.2 மீட்டர்தான், அதுவும் ஓட்டம் பூஜ்யத்துல.

இப்போ பம்ப் கர்வையும் லூப்போட தடைக் கோட்டையும் ஒரே கிராஃப்ல போட்டுப் பாத்தேன். ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடம்தான் நிஜத்துல நடக்கப் போற ஓட்டம். முழு வேகத்துல டி5 கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு 6 லிட்டர் கொடுக்குது. டிடிசி 7-க்குக் கொஞ்சம் கீழ. தோராயக் கணக்குதான், ஆனா விஷயம் புரியும். பெட்டியில 3.9-க்கும் 5.2-க்கும் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியுது. மெஷினுக்குள்ள வந்ததும் அது தண்ணிச் சூட்டுல 0.1 டிகிரி ஆகிடுது.

"ஹெட் எது அதிகமோ அதை வாங்கு"ங்கிற அறிவுரை போருக்குச் சரி. இங்க அது அதிக பணமும் அதிக சத்தமும்தான்.

சத்தம்னு சொன்னதும், இதைச் சொல்லியே ஆகணும். பம்போட வேகத்தைப் பாதிக்கு மேல, 60 சதவீதத்துக்குக் குறைச்சா ஓட்டமும் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் ஆகும். ஆனா தண்ணியைத் தள்ள வேண்டிய சக்தி வேகத்தோட மும்மடிப் பெருக்கமா இறங்கும். 0.6-ஐ மூணு தடவை பெருக்குங்க, 0.22. கால்வாசிக்கும் கீழ. 6 லிட்டர் ஓடின டி5 இப்போ 3.7 லிட்டர் ஓடும், மெஷின் சூடு ஒண்ணு ரெண்டு டிகிரி ஏறும், பம்ப் சத்தம் அடங்கிடும். பக்கத்து ரூம்ல வாய்ஸ் ரெக்கார்டிங் இருக்குன்னு சொன்னாரே, அந்த ஆளுக்கு இதுதான் வேணும். வேகத்தைக் குறைக்க முடியாத பம்ப் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் விட்டுடுங்க.

ஏர் கூலர் பம்ப் போட்டா என்ன?

தம்பி கேக்கல, ஆனா கமெண்ட்ல கண்டிப்பா வரும். வீட்டு ஏர் கூலர்ல போடுற 18 வாட் பம்ப், சில நூறு ரூபாய். டி5 ரிசர்வாயரோட வாங்கினா பத்தாயிரத்தைத் தாண்டும். எதுக்கு அவ்வளவு?

நேர்மையா சொல்லணும்னா, ஓட்டத்தை மட்டும் பாத்தா கூலர் பம்ப் தோத்துப் போகாது. அதோட ஹெட் பெரும்பாலும் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கீழ. நம்ம கிராஃப்ல போட்டா நிமிஷத்துக்கு 4 லிட்டரை ஒட்டி வருது. போதுமானதுதான்! வாட்டர் கூலிங் ஹாபி தொடங்கின காலத்துல எல்லாரும் மீன் தொட்டி பம்பைத்தான் போட்டாங்க. ஜெர்மனியோட ஏஹைம் 1046, 1048 எல்லாம் அந்தக் காலத்து ஹீரோ. 1046-க்கு ஹெட் வெறும் 1.2 மீட்டர். அதை வெச்சே வேலை நடந்துச்சு.

பிரச்சனை வேற இடத்துல. கூலர் பம்ப் 230 வோல்ட், தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கும். இன்சுலேஷன்ல ஒரு கீறல் விழுந்தா, ஒரு லட்சத்துக்கு மேல போட்ட மெஷினோட தண்ணிப் பாதை முழுக்க கரண்ட். மெஷின் ஆஃப் ஆனாலும் பம்ப் தனியா ஓடும். அதைவிட மோசம், பம்ப் நின்னாலும் மெஷின் தனியா ஓடும். நின்னது யாருக்கும் தெரியாது. வேகத்தைக் குறைக்கவும் முடியாது. டிஐஒய் வீடியோ எடுத்து வியூஸ் வாங்கணும்னா போடுங்க. திருவிழா நேரத்துல சோறு போடுற மெஷின்ல வேண்டாம்.

டி5 கதை கொஞ்சம் சுவாரசியம். இதை வடிவமைச்ச ஜெர்மன் கம்பெனி லைங். வீட்டுக் குழாய்ல சுடுதண்ணி சுத்திக்கிட்டே இருக்க வைக்கிற பம்ப்தான் அவங்களோட முக்கிய வேலை. அரைக்கோள வடிவ ரோட்டர், ஒரு சின்ன செராமிக் உருண்டை மேல உக்காந்து சுத்தும். ஷாஃப்ட் சீல் கிடையாது, அதனால கசிய வழி கம்மி. வருஷக்கணக்கா நிக்காம ஓடறதுக்குன்னு செஞ்ச டிசைன், கம்ப்யூட்டருக்கு வந்து ஒட்டிக்கிச்சு. டிடிசியும் அதே குடும்பம்தான். உருவத்துல சின்னது, இடம் குறைவான கேபினட்டுக்கு நல்லது. ஆனா அடிப்பக்கம் சூடாகும், அங்க காத்து போகணும். வேளாங்கண்ணி மே மாசத்துக்கு நான் டி5 பக்கம்தான் நிப்பேன்.

கடற்கரைச் சூடும் உப்பும்

மே மாசம் ஏசி இல்லாத ரூம் 34, 35 டிகிரி. லூப் தண்ணி ரூம் சூட்டுக்குக் கீழ எப்பவும் போகாது. அதுக்கு மேல 10 டிகிரின்னு வெச்சா 45. "அண்ணா, 45 டிகிரி தண்ணி எப்படிங்க குளிர வைக்கும்?" சிப் 80 டிகிரியில இருக்கறப்போ 45 டிகிரி தண்ணி அதுக்குக் குளிர்ந்த தண்ணிதான். 2010-ல ஐபிஎம்மும் சூரிச் ஈடிஎச்சும் சேர்ந்து அக்குவாசார்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வெச்சாங்க. அதைக் குளிர வைக்க உள்ள போன தண்ணியே 60 டிகிரி வரைக்கும். வெளிய வந்த சூட்டைக் கட்டடத்துக்குக் கணப்பா பயன்படுத்தினாங்க.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சியில இருந்து தஞ்சாவூர் போற ரோட்டுல என்ஐடி இருக்கு. அங்க 2022 மே 25-ல பரம் பொருள்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் திறந்தாங்க. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மிஷன்ல வந்தது, 838 டெராஃபிளாப்ஸ். அதுலயும் டைரக்ட் காண்டாக்ட் லிக்விட் கூலிங்தான், அதாவது திரவம் ஓடுற தகடு நேரா சிப் மேல உக்காந்திருக்கும். தம்பியோட மெஷின்ல இருக்கற பிளாக்கும் அதே ஐடியா. காவேரிக் கரையில காத்தை மட்டும் நம்பாத கம்ப்யூட்டர் ஏற்கனவே ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.

ஆனா பம்புக்கு வரம்பு உண்டு. பெரும்பாலான கம்ப்யூட்டர் பம்புகளுக்குத் தண்ணிச் சூடு 60 டிகிரி வரைக்கும்தான். ஏசி நின்னு, ஜன்னல் மூடி, ரேடியேட்டர் ஃபேன்ல தூசி அடைச்சு, ரெண்டு மணி நேரம் ரெண்டர் போட்டா அந்த வரம்பை நோக்கி நகரும். அதனால தண்ணிக்குன்னு தனியா ஒரு டெம்பரேச்சர் சென்சார் மாட்டுங்க. விலை கம்மி. 50 தாண்டினா ஃபேன் வேகம் ஏறணும்னு செட் பண்ணுங்க.

இதுல ஒரு கிளைக் குறிப்பு. வாட்டர் கூலிங் போட்டா ரூம் குளிர்ந்துடும்னு நினைக்காதீங்க. 500 வாட் சூடு முன்னாடியும் ரூமுக்குத்தான் வந்துச்சு, இனியும் ரூமுக்குத்தான் வரும். ஏசிக்கு வேலை அப்படியேதான்.

அப்புறம் ஐஸ். ரிசர்வாயர்ல ஐஸ் பெட்டி வைக்கிற வீடியோ பாத்து யாரும் கடற்கரையில முயற்சி பண்ணாதீங்க. நம்ம கிழக்குக் கரை காத்துல ஈரம் அவ்வளவு. 25 டிகிரியை ஒட்டியே பனித்துளி கட்ட ஆரம்பிச்சிடும். குளிர்ந்த டம்ளருக்கு வெளிய வேர்க்குதே, அது மதர்போர்டு மேல நடக்கும்.

உப்புக் காத்து பம்புக்குள்ள போகாது, ஆனா வெளிய இருக்கற கனெக்டர், ரேடியேட்டர் தகடு, ஸ்க்ரூ எல்லாத்தையும் தின்னும். வேற வேற உலோகத்தை ஒரே தண்ணியில கலக்காதீங்க. பிளாக் செம்புன்னா ரேடியேட்டரும் செம்பு, பித்தளையா இருக்கணும். செகண்ட் ஹேண்ட் செட்ல ஒரு அலுமினிய ரேடியேட்டர் ஒளிஞ்சிருந்தா மாத்திடுங்க. ரெண்டு உலோகமும் தண்ணியும் சேர்ந்தா அது பேட்டரி, அலுமினியம் அரிச்சு அந்தத் துகள் போய் பிளாக்கோட வாய்க்காலை அடைக்கும். போர்த் தண்ணி, குழாய்த் தண்ணி, கேன் தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, எல்லாத்துலயும் உப்பு இருக்கு. டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, அரிமானத்தையும் பாசியையும் தடுக்குற கூலன்ட் கலவையைச் சேருங்க. கலர் வேண்டாம். அழகா இருக்கும், ஆறு மாசத்துல படிஞ்சு உக்காந்துடும்.

பம்ப் நின்னா?

இதுதான் தம்பியோட உண்மையான பயம்னு நினைக்கிறேன். சூடு ரெண்டு டிகிரி கூடினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. செப்டம்பர் 7 ராத்திரி பம்ப் நின்னா வேலை போச்சு. சென்னையில இருக்கற எனக்கு ரிச்சி ஸ்ட்ரீட் மெட்ரோ தூரம். வேளாங்கண்ணியில இருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கு மேல. திருவிழா நாள்ல பஸ்லயும் ரயில்லயும் நிக்க இடம் கிடைக்குமான்னு ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும்.

முதல்ல, பம்ப் நின்னா சிப் எரிஞ்சுடாது. பிராசஸர் 95, 100 டிகிரியில தானா வேகத்தைக் குறைச்சு, அப்புறம் ஆஃப் ஆகிடும். போறது வேலையும் நேரமும்தான். ஆனா அது வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. நல்ல பம்ப்ல இருந்து ஒரு வயர் சுத்து எண்ணிக்கையை மதர்போர்டுக்குச் சொல்லும். அதை சிபியு ஃபேன் ஹெடர்ல மாட்டி, பயாஸ்ல அலாரம் ஆன் பண்ணுங்க. சுத்து பூஜ்யமானா மெஷின் கத்தும்.

ஒரு எச்சரிக்கை. அந்த ஹெடர்ல சிக்னல் வயர் மட்டும்தான். சாதாரண ஃபேன் ஹெடர் ஒரு ஆம்பியர், அதாவது 12 வாட்தான் தாங்கும். டி5 முழு வேகத்துல 23 வாட் வரைக்கும் இழுக்கும். அதோட கரண்ட் நேரா பவர் சப்ளையோட சாட்டா இல்லைன்னா மோலெக்ஸ் கனெக்டர்ல இருந்து வரணும். பிடபிள்யூஎம் கன்ட்ரோல் இருக்கற டி5 வாங்கினா இந்த ரெண்டும் தனித்தனியா வரும். வாங்குறப்போ அதைக் கேட்டு வாங்குங்க.

கரண்ட் போறதைப் பத்தி டெல்டாவுல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. 2018 நவம்பர் 16 கஜா கரையைக் கடந்தப்போ நாகை பக்கம் எத்தனை நாள் இருட்டுல இருந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். சாதாரண பவர் கட்டுல லூப்புக்கு ஆபத்து இல்ல. பம்பும் சிப்பும் ஒரே பவர் சப்ளையில ஓடுறதால ரெண்டும் சேர்ந்தே நிக்கும். யூபிஎஸ் வாங்குறப்போ மட்டும் பம்ப், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40 வாட் கூட்டிப் போடுங்க.

ரெண்டு பம்ப் வரிசையா மாட்டுறது நல்ல வழி. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓட்டத்தைக் காப்பாத்தும். ஆனா செலவு ரெண்டு மடங்கு. தம்பியோட பட்ஜெட்டுக்கு நான் சொல்றது வேற: ஒரே ஒரு டி5 நல்லதா புதுசா வாங்குங்க, செகண்ட் ஹேண்ட் வேண்டாம். மிச்சப் பணத்துல சிபியுக்கு ஒரு நல்ல ஏர் கூலர் வாங்கிப் பெட்டியோட அலமாரியில வைங்க. ஜிபியுவோட பழைய ஹீட்சிங்க், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு, மேல பேனாவுல எழுதி வைங்க. பம்ப் செத்தா ஒரு மணி நேரத்துல பழைய மாதிரி காத்துக்கு மாறி, சத்தத்தோட வேலையை முடிச்சுடலாம்.

கார்டு 200 வாட், சிபியு 100 வாட்னு மெஷின் வெச்சிருக்கறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, உங்களுக்கு பம்பே தேவையில்ல. நல்ல ஏர் கூலரும் பெரிய ஃபேனும் போதும். 500 வாட்டும் அமைதியும் சேர்ந்து வேணுங்கிறவங்களுக்குத்தான் இந்த எபிசோடு.

மாட்டுறப்போ

இங்க மறுபடி மாமாவைக் கூப்பிடுங்க. ஃபுட் வால்வு கழண்டு மோட்டார் காத்து வாங்குறது, வாய்ல தண்ணி ஊத்தி எடுக்குறது எல்லாம் அவருக்கு அத்துப்படி. டி5-உம் அதே ஜாதி, தானா இழுத்துக்காது. ரிசர்வாயர் எப்பவும் பம்புக்கு மேல இருக்கணும், தண்ணி தானா பம்புக்குள்ள விழணும். அந்த செராமிக் உருண்டைக்கு எண்ணெய் மாதிரி இருக்கறதே இந்தத் தண்ணிதான். காஞ்சு சில நிமிஷம் ஓடினாலே தேய்மானம் ஆரம்பிச்சுடும்.

நிரப்புறப்போ மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காதீங்க. பவர் சப்ளையில பம்ப் மட்டும் ஓடணும். அதுக்குன்னு ஒரு சின்ன ஜம்பர் பிளக் கிடைக்கும். பத்து நொடி ஓட்டுங்க, நிறுத்துங்க, ரிசர்வாயர்ல தண்ணி இறங்கியிருக்கும், ஊத்துங்க, மறுபடி பத்து நொடி. கேபினட்டை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சா ரேடியேட்டர்ல மாட்டின காத்துக் குமிழ் வெளிய வரும். கலகலன்னு சத்தம் வந்தா இன்னும் காத்து இருக்கு.

அப்புறம் ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழயும் டிஷ்யூ பேப்பர் வெச்சு, பம்ப் மட்டும் 24 மணி நேரம் ஓடட்டும். டிஷ்யூ காஞ்சிருந்தா மெஷினை ஆன் பண்ணுங்க. ரெண்டு மூணு நாள் முழு வேகம், அதுக்கப்புறம் 60 சதவீதம். இதெல்லாம் ஜூலையில முடிஞ்சிருக்கணும், தம்பி. ஆகஸ்ட் முழுக்க சாதாரண வேலையில ஓட்டிப் பாருங்க. கொடியேத்தத்துக்கு ஒரு வாரம் முன்னாடி ரிசர்வாயர் மட்டத்தை ஒரு தடவை பாத்து, குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. அதுக்கப்புறம் செப்டம்பர் 8 முடியற வரைக்கும் கேபினட்டைத் திறக்காதீங்க.